அகலமோ, ஆழமோ? – மாரிக்கால மலைவீதியும் வண்டிச் சில்லும்

மோட்டார் வண்டி எத்துணைப் பெரிதாயினும் அது நிலத்தைத் தொடுமிடம் மிகச் சிறிதே. ஆயிரம் கிலோகிராம் எடையுள்ள சிறிய காரொன்றின் நான்கு டயர்களும் தரையோடு பொருந்துமிடத்தை ஒன்றாய்க் கூட்டிப் பார்ப்பினும், ஏ4 தாள் ஒன்றின் பரப்புக்கு அது குறைவாகவே இருக்கும். ஒவ்வொரு டயருக்கும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கையளவு இடமே உண்டு. சாரதியின் திறமை, இயந்திரத்தின் வலிமை, பிறேக்கின் பிடி, உள்ளே இருப்போரின் உயிர் ஆகிய அனைத்தும் அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பியே வீதியில் நிற்கின்றன.

கல்வியின் மேன்மையையும் சமயத்தின் சிறப்பையும் பழைய மாணவரின் புகழையும் சான்றோர் பலர் எழுதும் ஜூபிலி மலரில், தமிழாசிரியன் ஒருவன் டயரைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று வினவுவோர் இருக்கலாம். அதற்கு விடை நம் மாகாணத்தின் மலைகளிலேயே இருக்கின்றது. ஊவாவில் கல்வி நூலாலும் ஆசானாலும் மட்டும் நடப்பதன்று, சில்லாலும் நடப்பது. நமுனுகுல மலைச்சாரலிலும், பசறை, லுணுகலை, தெமோதரை, ஹாலிஎலத் தோட்டங்களிலும் வாழும் பிள்ளை, லயத்திலிருந்து பிரட்டுக்களம் வரை நடந்து, அங்கிருந்து முச்சக்கரவண்டியிலோ வானிலோ பஸ்ஸிலோ ஏறியே பள்ளிக்கூடம் வந்து சேர்கிறது. மழை பெய்யும் நாளில் அப்பிள்ளை வந்து சேருமா என்பது, யாரும் குனிந்து பாராத ஒரு டயரின் நிலையைப் பொறுத்தது. தமிழுக்கும் இஃது அயலான பொருளன்று. மேடுபள்ளமான வழியிற் செல்லும் உமணர், வண்டியின் அடியில் மாற்று அச்சொன்றைக் கட்டிச் சென்ற செய்தி புறநானூற்றிலே வருகின்றது. வழியின் இயல்பை அறிந்து வண்டியை ஆயத்தஞ் செய்தல் நம் முன்னோர் அறிந்த அறிவேயாம்.

நம் வீதிகள் எத்தகையன என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. 2021 ஆம் ஆண்டு மார்ச் 20 ஆம் திகதி, லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்ட பஸ்ஸொன்று பசறையில் 13 ஆம் மைற்கல்லருகே பள்ளத்தில் வீழ்ந்தது. பதினான்கு உயிர்களுக்குக் குறையாமற் பறிபோயின. அவ்விடத்தில் முன்னரே சரிந்து கிடந்த பாறை வீதியின் அகலத்தைக் குறைத்திருந்தது. 2025 ஆம் ஆண்டு செப்டெம்பர் 4 ஆம் திகதி இரவு எல்ல – வெல்லவாய வீதியில் மற்றுமொரு பஸ் வீழ்ந்து 15 பேர் மாண்டனர். இவ்விபத்துகளுக்கு டயரே காரணம் என்று நான் கூறவில்லை. அவ்வாறு கூறுவது உண்மைக்கு மாறாகும். ஆயினும் ஒன்றை அவை நமக்கு உணர்த்துகின்றன. சமவெளியில் வழுக்கும் வண்டி வயலில் இறங்கி நிற்கும். மலைவீதியில் வழுக்கும் வண்டிக்கு இறங்கி நிற்க இடமில்லை. இரண்டு முழம் விலகினால் போதும். அதற்கப்பால் வெறும் வானமே உண்டு.

நம் பகுதிக்குப் பனிக்காலம் இல்லை. ஆனால் மாரிக்காலம் உண்டு. ஒக்டோபரில் மாலை இடியோடு தொடங்கும் மழை, வடகீழ்ப் பருவக்காற்றோடு சேர்ந்து தை மாதம் வரை நீளும். அக்காலத்து மலைவீதியில் ஓடுவது வெறும் நீர் அன்று. மேட்டுத் தேயிலை மலையிலிருந்து கரைந்து வரும் செம்மண், மரநிழலிற் படர்ந்த பாசி, உதிர்ந்து ஊறிய யூக்கலிப்டஸ் இலை, லொறிகள் சிந்திய எண்ணெய் ஆகிய எல்லாம் கலந்து தார்மேல் ஒரு மென்படலமாய்ப் பரவுகின்றன. 2025 நவம்பர் இறுதியில் வந்த திட்வா சூறாவளி, மழையால் நம் மலைகளும் வீதிகளும் என்ன பாடுபடும் என்பதை மறக்கவொண்ணாதபடி காட்டிச் சென்றது. பனிநாட்டான் பனிக்கு அஞ்சி வண்டியை ஆயத்தஞ் செய்கிறான். நாம் மழைக்கு அஞ்சிக் குடையை மட்டும் ஆயத்தஞ் செய்கிறோம்.

இனி, பொருளுக்கு வருவோம். அண்மைக் காலத்தில் நம் இளைஞரிடையே ஒரு விருப்பம் பரவி வருகின்றது. வண்டியோடு வந்த சில்லைக் கழற்றிவிட்டு, அதனினும் அகன்ற சில்லைப் பூட்டினால் வண்டிக்கு அழகும் கம்பீரமும் உண்டாகும். பிடியும் மிகும் என்பது அவர்கள் எண்ணம். ‘தரையைத் தொடும் இடம் பெருகினால் பிடியும் பெருகுந்தானே’ என்று அவர்கள் கேட்பர். கேட்பதற்கு இது நியாயமாகவே தோன்றும். ஆராய்ந்து பார்ப்போமாயின், பாதி மட்டுமே மெய் என்பது புலப்படும்.

வண்டியின் எடையைத் தாங்குவது பெரும்பாலும் டயரினுள் அடைபட்ட காற்றேயாகும். ஒரு சில்லின்மேல் 550 இறாத்தல் எடை விழுகின்றது. உள்ளே சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் அழுத்தத்திற் காற்று இருக்கின்றது எனக் கொள்வோம். அவ்வெடையைத் தாங்க ஏறத்தாழ 18 சதுர அங்குலம் தரையைத் தொடவேண்டும். டயர் அகன்றதாயினும் ஒடுங்கியதாயினும், எடையும் காற்றும் மாறாதவரை இப்பரப்பு பெரிதும் மாறாது. மாறுவது பரப்பின் வடிவமே. அகன்ற டயரின் தடம் குறுக்கே நீண்டு, முன்பின்னாகக் குறுகியிருக்கும். ஒடுங்கிய டயரின் தடம் குறுக்கே குறுகி, முன்பின்னாக நீண்டிருக்கும்.

உலர்ந்த நல்ல தாரிலே இவ்வேறுபாட்டால் இடர் இல்லை. அகன்ற டயர் வண்டியைச் சற்று விரைவாக நிறுத்துவதும் உண்டு. நீர் இடையே புகும்போதுதான் நிலை மாறுகின்றது. வீதியில் 2 மில்லிமீற்றர் நீர் நிற்கின்றது. வண்டி மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்திற் செல்கின்றது என்று வைத்துக்கொண்டு, நம் மாணவரே கணக்கிட்டுப் பார்க்கலாம். 20 சென்ரிமீற்றர் அகலமுள்ள டயர் ஒவ்வொரு செக்கனுக்கும் ஏறத்தாழ நாலரை லீற்றர் நீரை விலக்கியாக வேண்டும். 15 சென்ரிமீற்றர் அகலமுள்ள டயருக்கு மூன்றேகால் லீற்றர் அளவே வேலை. அன்றியும், அகன்ற தடத்தின் நடுவிலுள்ள நீர் பக்கவாட்டில் தப்பிச் செல்ல நெடுந்தூரம் போகவேண்டும். தோணித் துடுப்பை நீரில் தட்டையாய் அழுத்தினால் நீர் எதிர்த்துத் தாங்கும். ஓரமாய் இறக்கினால் வழிவிடும். அகன்ற டயருக்கும் ஒடுங்கிய டயருக்கும் நீரிலே உள்ள வேறுபாடு அத்தகையது.

பனிநாட்டார் இவ்வுண்மையை நன்கு பயன்படுத்துகின்றனர். வீதியிற் பனிச்சேறு கிடக்குங் காலத்தில், தம் வண்டிக்கு ஏற்றவை எனத் தயாரிப்பாளர் குறித்த அளவுகளுள் ஒடுங்கியதையே தேர்ந்து பூட்டுவார் பலர். ஒடுங்கிய டயர் சேற்றையும் நீரையும் கிழித்து அடியிலுள்ள கெட்டித் தரையைத் தேடிப் பிடிக்கும் என்பதே காரணம். சுவீடன் நாட்டின் பனிவீதிகளில் நடக்கும் மோட்டார்ப் பந்தயத்திலும் ஆணி பதித்த ஒடுங்கிய டயர்களே ஓடுகின்றன. நம் தமிழர் பலர் வாழும் கனடாவின் கியூபெக் மாகாணத்தில், டிசெம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் பூட்டியிருத்தல் சட்டத்தால் விதிக்கப்பட்ட கடமை.

நிற்க. ஒடுங்கிய டயரே எவ்விடத்தும் நன்று என்று முடிவு கட்டிவிடலாகாது. அடியிற் கெட்டித்தரை உள்ள சேற்றுக்கும், அடியே காணாத சேற்றுக்கும் வேறுபாடு உண்டு. வயலில் உழும் டிரக்டருக்கு அகன்ற சில்லே வேண்டும். ஒடுங்கிய சில்லாயின் அது புதையும். அங்கே கிழித்து இறங்குதல் கேடு. மேலே நிற்றலே வேலை. இங்கிலாந்தில் 1753 ஆம் ஆண்டில், பாரவண்டிகளின் சில்லுப் பட்டம் ஒன்பது அங்குல அகலம் இருக்கவேண்டும் என்று சட்டமே இயற்றினர். ஒடுங்கிய சில்லுகள் அக்காலத்து மண்வீதிகளை உழுது கெடுத்தன; அகன்ற சில்லு வீதியை அமுக்கிக் காத்தது. ஆகவே அகலம் என்பது தன்னளவில் நன்றோ தீதோ ஆகாது. ‘எவ்வீதிக்கு, எப்பருவத்துக்கு, எவ்வெடைக்கு?’ என்று கேட்ட பின்னரே அதற்கு விடை உண்டு.

நம் வீதிக்கு விடை யாது? ஊவா மலைவீதி பெரும்பாலும் அடியிற் கெட்டியானது. தாரோ கொங்கிறீற்றோ கற்பாவோ உண்டு. மேலே நீரும் மென்சேறும் ஓடும். எனவே வண்டியைச் செய்தவன் அதற்கென்று வகுத்த அகலமே நமக்கு ஏற்றது. அவன் ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகளை அனுமதித்திருப்பின், மாரிக்காலத்துக்கு அவற்றுள் ஒடுங்கியதே நன்று. அதனினும் ஒடுங்கியதைப் பூட்டுதல் ஆகாது; எடை தாங்காமற் போகும். அதனினும் அகன்றதைப் பூட்டுதலும் ஆகாது, திருப்பும்போது வண்டியின் உடலோடு உராயும், மழையில் மிதக்கும். டயரின் பக்கத்தில் 195/65 ஆர் 15 என்று பொறித்திருந்தால், முதலெண் மில்லிமீற்றரில் அகலம். இரண்டாவது, பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு எத்தனை என்பது. கடையெண் சில்லின் விட்டம் அங்குலத்தில். இம்மூன்றையும் வாசிக்கத் தெரியாமல் டயர்க்கடைக்குச் செல்வது, விலைப்பட்டியல் வாசிக்கத் தெரியாமற் சந்தைக்குச் செல்வதை ஒக்கும்.

எனினும் என் கருத்தின் உயிர்நிலை அகலத்தில் இல்லை. அகலத்தைப் பற்றி வாதிடுவோர் பலர். ஆழத்தைப் பார்ப்போர் சிலர். டயரின் தரைபடும் முகத்தில் வெட்டப்பட்டுள்ள வரிப்பள்ளங்களையே ஆழம் என்கிறேன். செக்கனுக்கு நாலு லீற்றர் நீர் வெளியேற வேண்டும் என்று கணக்கிட்டோம் அல்லவா? அந்நீர் போகும் வாய்க்கால்கள் அப்பள்ளங்களே. புதிய கார் டயரில் அவை ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் ஆழமிருக்கும். 1.6 மில்லிமீற்றராகத் தேய்ந்ததும் மாற்றியே ஆகவேண்டும் என்று ஐரோப்பிய நாடுகள் விதித்துள்ளன. அவ்வளவைக் காட்டுதற்கென்றே பள்ளத்தினடியில் சிறு மேடுகள் டயரிலேயே வார்க்கப்பட்டிருக்கின்றன. பனிக்காலத்திலோ சுவீடன் 3 மில்லிமீற்றரும் ஒஸ்திரியா 4 மில்லிமீற்றரும் கேட்கின்றன. வழுக்கும் பருவத்துக்கு 1.6 போதாது என்பதை அவர்கள் அறிவர். நம் மாரிக்கும் 3 மில்லிமீற்றரையே எல்லையாகக் கொள்ளல் வேண்டும் என்பது என் கருத்து. இதை அளக்கப் பெருங்கருவி எதுவும் வேண்டியதில்லை. மாணவரின் கொம்பாஸ் பெட்டியிலுள்ள அடிமட்டம் போதும்.

பள்ளம் முற்றும் மறைந்து முகம் மழமழவென்றான டயரை நம்மவர் ‘மொட்டை டயர்’ என்பர். மொட்டை டயர் எத்துணை அகன்றதாயினும் மழைக்குப் பகையே. வாய்க்காலில்லாத வயலில் நீர் நிற்பதுபோல் அதனடியில் நீர் நிற்கும். அகன்ற மொட்டை டயர் இரண்டு தீமைகளையும் ஒருங்கே உடையது.

ஆழத்துக்கு அடுத்தது காற்று. அமெரிக்காவின் நாசா நிறுவனத்தார் 1960களில் விமானச் சில்லுகளைக் கொண்டு ஆராய்ந்து, நீர் மிகுந்த தளத்தில் சில்லு முற்றும் நீர்மேல் மிதக்கத் தொடங்கும் வேகம், அதனுள் இருக்கும் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைத் தழுவி ஏறியிறங்கும் என்று கண்டனர். தடத்தின் அகலமும் நீளமும் கொண்ட விகிதமும் அதில் இடம்பெறும் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் சேர்த்துரைத்தன. முதற் கணக்கின்படி 30 இறாத்தல் அழுத்தமுள்ள டயர் மணிக்கு ஏறத்தாழ 90 கிலோமீற்றர் வேகத்தில் மிதக்கும். அழுத்தம் 20 இறாத்தலாகக் குறைந்தால், 74 கிலோமீற்றரிலேயே மிதக்கும். நம் வளைவுகளில் அவ்வேகத்தில் ஓடுவார் இல்லை. ஆகவே முழுமிதப்பு நமக்கு அரிது. ஆயினும் பிடி ஒரேயடியாய் இழக்கப்படுவதன்று. சிறிது சிறிதாய்க் கழன்று கொண்டே வருவது. இறக்கத்தில், வளைவில், பிறேக்கை மிதிக்கும் கணத்தில், அந்தச் சிறிதே பெரிதாகின்றது.

இன்னுஞ் சில கூறுதல் வேண்டும். டயருக்கு வயது உண்டு. அதன் பக்கத்தில் நான்கு இலக்கம் தனியே பொறித்திருக்கும். 3522 என்றிருப்பின், 2022 ஆம் ஆண்டின் 35 ஆம் வாரத்திற் செய்தது என்பது பொருள். பள்ளம் ஆழமாயிருந்தும் இறப்பர் முதிர்ந்து இறுகி வெடித்திருந்தால் பிடி இராது. பழைய டயரின்மேல் புதிய முகம் ஒட்டிய ‘றீபில்ட்’ டயர் நம் நாட்டிற் பெருவழக்கு. நன்கு செய்யப்பட்டது பின்சில்லுக்குத் தாழ்வில்லை. ஆயின் ஐக்கிய அமெரிக்காவில் பஸ்ஸின் முன்சில்லுக்கு அதனைப் பூட்டுதலைச் சட்டம் தடுக்கின்றது. திருப்பும் சில்லு வெடித்தால் சாரதியாற் செய்யத்தக்கது சொற்பம் என்பதே காரணம். பஸ்ஸிலும் லொறியிலும் பின்னால் இரட்டைச் சில்லுகள் உண்டு. வெளிச்சில்லு நல்லதாய் இருக்க, உட்சில்லு மொட்டையாய் மறைந்திருத்தல் வழமை. பார்ப்பவர் குனிந்து உட்சில்லைப் பார்க்கப் பழகுதல் வேண்டும். முச்சக்கரவண்டிக்கோ மூன்றே சில்லு; முன்னால் ஒன்றே. அது மொட்டையாயின், துணைக்கு வேறொன்றில்லை.

இவ்வளவும் தெரிந்திருந்தும் மொட்டை டயர்கள் நம் வீதியில் ஓடுவது ஏன்? சாரதிகளின் கவலையீனம் என்று பழித்துவிடுதல் எளிது. ஒரு நாள், மாணவரை ஏற்றிவந்த முச்சக்கரவண்டியொன்றின் சில்லைச் சுட்டிக்காட்டி அதன் உரிமையாளரிடம் நான் வினவியபோது அவர் சொன்னது இது: “சேர், நாலு பிள்ளைகளுடைய மாதக்காசு இன்னும் வரல்லே. அவங்க அப்பா அம்மாவும் தோட்டத்து ஆட்கள்தான். நெருக்கிக் கேக்க மனசு வரல்லே. நான் எந்தக் காசில டயர் போட?” அவர் கூறியதில் பொய்யில்லை. கொழுந்து குறைந்த மாதத்திற் பெற்றோரின் கையிற் பணமில்லை. பெற்றோரின் கையில் இல்லாதபோது சாரதியின் கையிலும் இல்லை. தோட்டச் சம்பளத்தின் குறைவு, லயத்திலிருந்து புறப்பட்டு, முச்சக்கரவண்டியின் சில்லிலே வந்து தேய்ந்து நிற்கின்றது. அந்தச் சில்லின்மேல் ஏறிச் செல்வது அப்பெற்றோரின் பிள்ளையே.

இதிலே ஒரு முரணும் உண்டு. 1876 இல் இங்கு வந்த இறப்பர்க் கன்றுகள் கம்பஹாவின் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. 1888 இல் டன்லொப் என்பார் காற்றடைத்த டயருக்கு உரிமம் பெற்றபின் உலகெங்கும் இறப்பருக்குத் தேவை பெருகிற்று. இன்று நம் மாகாணத்து மொனராகலை மாவட்டத்திலும் இறப்பர் விளைகின்றது. தொழிற்சாலை வண்டிகளுக்கான திண்ம டயர்களை உலகுக்கு அனுப்பும் முதன்மை நாடுகளுள் இலங்கை ஒன்று. பிற நாட்டார் வண்டிகள் நம் டயரில் நிற்க, நம் பிள்ளைகளின் வண்டி மொட்டை டயரில் ஓடுதல் பொருந்துமா? 2020 முதல் சில ஆண்டுகள் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும், 2022 இன் பொருளாதார நெருக்கடியும் பழைய வண்டிகளையே மேலும் ஓட்டும் நிலைக்கு நம்மைத் தள்ளின. அந்நெருக்கடியிற் பழகிய ‘இன்னும் ஒரு மாதம் ஓடட்டும்’ என்னும் வழக்கம் நம்மைவிட்டு நீங்கவில்லை.

‘இதனைப் பார்க்கப் பொலிசார் இருக்கின்றனர், அரசாங்கம் இருக்கின்றது’ என்பார் உளர். அவர்தங் கடமையை அவர் செய்க. ஆனால் பொலிசார் மொட்டை டயருக்குத் தண்டம் விதிக்கலாம். புதிய டயர் வாங்கிக் கொடுக்க அவர்களால் ஆகாது. தண்டம் கட்டிய சாரதியிடம், டயர் வாங்க இருந்த சிறு பணமும் போய்விடும். வறுமையால் வரும் குற்றத்துக்குத் தண்டனை மட்டும் மருந்தாகாது.

ஆகையால் இந்த ஜூபிலி ஆண்டிலே பழைய மாணவர் சங்கத்தாரின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றேன். நினைவுச் சின்னமாக வளைவு கட்டலாம், மண்டபத்துக்கு மேடை அமைக்கலாம் என்ற கருத்துகள் நிலவுகின்றன. அவை வேண்டாதன என்று யான் கூறேன். அவற்றோடு, ‘சில்லு நிதி’ என ஒன்றையும் தொடங்குதல் வேண்டும். மாணவரை ஏற்றும் முச்சக்கரவண்டிக்கும் வானுக்கும் டயர் வாங்குதற்கு அந்நிதியிலிருந்து வட்டியின்றிக் கடன் கொடுத்து, மாதத் தவணையில் மீளப் பெறலாம். மீண்ட பணம் அடுத்த வண்டிக்குச் செல்லும். இது தருமமன்று, சுழலும் கைமாற்று. வாங்குபவர் தலைகுனிய வேண்டியதில்லை. கொடுப்பவர் முதலும் அழியாது.

இரண்டாவதாக, ஒவ்வோராண்டும் செப்டெம்பர் மாதத்தில், மழை தொடங்குமுன், கல்லூரி மைதானத்தில் ஒரு நாளைச் சில்லு பார்க்கும் நாளாகக் கொள்வோம். கராஜ் நடத்தும் பழைய மாணவரும், டயர்க்கடை வைத்திருப்போரும், பஸ் உரிமையாளரும் நம்மிடையே உளர். அவர்கள் அரைநாள் ஒதுக்கினால் போதும். விஞ்ஞான மாணவர் அடிமட்டத்தால் ஆழத்தை அளக்கட்டும். அழுத்தமானியாற் காற்றைப் பார்க்கட்டும். நான்கு இலக்கத்தை வாசித்து வயதைக் குறிக்கட்டும். பௌதிகப் பாடத்தில் அழுத்தம் என்றும் உராய்வு என்றும் மனப்பாடஞ் செய்த சொற்கள் அன்று அவர்கள் கையிற் பொருளாகும். மொட்டை டயர் கண்டவிடத்துப் பழியாமல் நிதியின் கதவைக் காட்டுவோம்.

மூன்றாவது வேண்டுகோள் பெற்றோருக்கு. வானுக்குரிய மாதக்காசை இயன்றவரை உரிய நாளிற் கொடுத்தல், பிள்ளையின் சில்லுக்குக் கொடுத்தலேயாகும். ஏலாதவர் பள்ளிக்கூடத்துக்கு அறிவித்தல் வேண்டும், மறைத்தல் வேண்டா. வெளிநாட்டில் வாழும் பழைய மாணவருக்கும் ஒன்று சொல்வேன். பனி வீழுமுன் தம் வண்டிக்குப் பனிக்கால டயர் மாற்றும் நாளில், பதுளையில் மாரி தொடங்கிவிட்டது என்பதையும் அவர்கள் எண்ணிக்கொள்க. தம் பிள்ளைகளுக்காக அங்கே செய்வதில் ஒரு சிறு கூற்றை இங்கே செய்தாற் போதும்.

இளைஞருக்கும் ஒரு சொல். அழகை விரும்புதல் குற்றமன்று. ஆனால் அகன்ற சில்லுக்குச் சேர்த்த பணத்தை வண்டிக்குரிய அளவில், ஆழமான பள்ளமுள்ள நல்ல டயருக்குச் செலவிடுக. இரண்டு டயர் மட்டுமே புதிதாய் வாங்க இயலுமாயின், காருக்கும் வானுக்கும் அவற்றைப் பின்னாற் பூட்டுக. பின்பக்கம் வழுக்கிச் சுழலும் வண்டியைத் திருப்பி நேராக்குதல் தேர்ந்த சாரதிக்கும் அரிது. மாதமிருமுறை காற்றைப் பார்க்க. மழைநாளில் முன்செல்லும் வண்டிக்கும் தமக்கும் இடையே இடம் விட்டுச் செல்க. நல்ல டயரும் அவசரத்தை மன்னிப்பதில்லை.

பெரிதாய்த் தோன்றுவது வேறு; பொருத்தமாய் இருப்பது வேறு. வீதியிலே அகலம் எல்லோர் கண்ணிலும் படும். ஆழம் குனிந்து பார்ப்போர்க்கே தெரியும். குனிந்து பார்க்கப் பழக்குவதே கல்வியின் வேலையென்றால், அவ்வேலையை நம் கல்லூரி தன் பிள்ளைகள் ஏறிவரும் சில்லிலிருந்தே தொடங்கட்டும். அடுத்த மாரி நெடுந்தொலைவில் இல்லை. பழைய மாணவர் சங்கத்தார் இதனை அடுத்த பொதுக்கூட்டத்தில் எடுத்துக்கொண்டு ஆவன செய்வாராக.